புல் வளர்த்த புண்ணியவான்கள்

இங்கிலாந்தின் டார்செட் பக்கத்தில் ஜோசப் டேமர் என்று ஒரு பிரபு இருந்தார். மில்டன் பிரபு என்பது பட்டம். 1752இல் ஒரு பழைய மடாலயத்தையும் சுற்றியிருந்த நிலத்தையும் வாங்கிப் போட்டார். எல்லாம் சௌகரியமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை: ஜன்னலைத் திறந்தால் ஊர் தெரிந்தது. சந்தை கூடும் ஊர். தெருக்கள், மதுக்கடைகள், பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பிரபுவின் பழத்தோட்டத்தில் கைவைக்கும் பையன்கள் என்று ஓர் ஊருக்கு இருக்க வேண்டிய சகல லட்சணங்களும் அதற்கு இருந்தன. பிரபுவுக்கோ ஜன்னலுக்கு வெளியே பச்சையாக, வழுவழுவென்று, ஒன்றுமே இல்லாமல் இருக்க வேண்டும்.

நாமாக இருந்தால் ஜன்னலுக்குத் திரை வாங்கியிருப்போம். பிரபு ஊரை வாங்கினார். குத்தகை முடிய முடிய ஒவ்வொரு வீடாக வளைத்துப் போட்டு இடித்தார். தன் கண்ணில் படாத ஒரு பள்ளத்தாக்கில், 1780 வாக்கில், ஒரே அச்சில் வார்த்தாற்போல் கூரை வீடுகளை வரிசையாகக் கட்டி ஜனங்களை அங்கே கொண்டுபோய் வைத்தார். வீடு ஒன்றுக்குக் குடும்பம் இரண்டு. ஹாரிசன் என்ற வக்கீல் மட்டும் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். பிரபு மதகைத் திறந்துவிட்டு வக்கீல் வீட்டுக்குள் தண்ணீரை அனுப்பினார் என்று அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்கிறார்கள். வக்கீல் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தாராம். இருந்தும் என்ன, ஊர் இருந்த இடத்தில் இன்றைக்கு இருப்பது புல்.

இந்தத் திருப்பணிக்குப் பிரபு அமர்த்திய தோட்டக் கலைஞர் லான்ஸ்லட் பிரவுன். பணக்காரர்களின் எஸ்டேட்டுக்குக் குதிரையில் போய் இறங்குவார், சுற்றிப் பார்ப்பார், ஜாதகத்தைப் பிரித்ததும் "யோகம் இருக்கு" என்று ஆரம்பிக்கும் ஜோசியர் மாதிரி, "இந்த நிலத்துக்கு நல்ல சாத்தியங்கள் இருக்கின்றன" என்பார். அதனாலேயே கேப்பபிலிட்டி பிரவுன் என்று பெயர் நிலைத்துவிட்டது. பிளென்ஹைம், சாட்ஸ்வர்த் என்று இங்கிலாந்தில் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் இவர் கைபட்டிருக்கிறது. பழைய பாணித் தோட்டங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு வீட்டு வாசற்படி வரைக்கும் புல்லைக் கொண்டுவந்து நிறுத்துவது இவருடைய கைவரிசை. பிரெஞ்சுக்காரர்கள் வெர்சாயில் ஏற்கெனவே முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் நீளத்துக்குப் பச்சைக் கம்பளம் விரித்திருந்தார்கள். ஆனால் அவர்கள் ஓரம் வெட்டி, கோடு போட்டு, சிலை நட்டு, இதை மனுஷன்தான் செய்தான் என்று பார்த்தவுடன் தெரியும்படி செய்தார்கள். பிரவுன் நூற்றுக்கணக்கான கூலியாட்களை வைத்து மேட்டைப் பள்ளமாக்கி, பள்ளத்தை ஏரியாக்கி, கடைசியில் இதெல்லாம் இயற்கை என்று கணக்குக் காட்டினார். பில் மட்டும் செயற்கை.

இயற்கை என்றால் ஆடுமாடு வேண்டும். ஆனால் அவை வாசலுக்கு வந்து சாணி போடக் கூடாது. வேலி போட்டால் காட்சி கெடும். அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள்: பள்ளம் வெட்டி அதற்குள் சுவரை இறக்கிவிடுவது. மாளிகையிலிருந்து பார்த்தால் புல் ஒரே விரிப்பாக ஓடும். ஆடு தூரத்தில் அழகாக மேயும். கிட்டே வர முடியாது. இந்தப் பள்ளத்துக்குப் பெயர் ஹா-ஹா. நான் வைத்த பெயர் இல்லை.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் அந்த ஆட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புல்லைச் சீராக மேயும். மேய்ந்ததை உரமாக்கி அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடும். குளம்பால் மண்ணைக் கிளறி, விழுந்த விதையை அமுக்கிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை கம்பளி. கடைசியில் ஒரு நாள் தானே விருந்தாகிவிடும். நம்மூரானால் பிரியாணி, அங்கே புதினாவை அரைத்து ஊற்றி ஏதோ செய்கிறார்கள். இதற்குப் பின் வந்த இருநூற்றைம்பது வருஷப் புல்வெளி வரலாறு முழுக்க, இந்த ஆடு சம்பளம் வாங்காமல் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளையோ இயந்திரத்தையோ நியமித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பில் போட்ட கதைதான்.

புல்லின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். மற்றச் செடிகளுக்கு வளரும் நுனி தலையில். வெட்டினால் அந்தக் கிளையின் கதை முடிந்தது. புல்லுக்கு அது அடியில், மண்ணை ஒட்டி. மேலே கடித்தாலும் வெட்டினாலும் கீழேயிருந்து வந்துகொண்டே இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மிருகங்களின் பல்லுக்குத் தப்பிப் பிழைத்த சாமர்த்தியம் அது. புல்லின் ஆசை எளியது: வளர வேண்டும், பூக்க வேண்டும், விதை போட வேண்டும். புல்வெளி வைத்திருப்பவரின் லட்சியம் இந்த மூன்றில் முதலாவதைத் தூண்டிவிட்டு மற்ற இரண்டையும் நடக்கவிடாமல் தடுப்பது. உரம் போட்டு வளர்ப்பார், வளர்ந்துவிட்டதே என்று வெட்டுவார், வெட்டியதால் சத்துப் போய்விட்டதே என்று மறுபடி உரம் போடுவார். இதில் யார் யாரை வளர்க்கிறார்கள் என்று புல்லைக் கேட்டால் தெரியும்.

மாளிகையை ஒட்டிய இடத்தில் ஆட்டுக்கு அனுமதி இல்லை என்றதும் முதலில் வந்தவன் மனிதன். நீளப் பிடி போட்ட வளைந்த அரிவாளோடு, விடிவதற்கு முன்பே, புல்லில் பனி ஈரம் காய்வதற்குள் வேலையை ஆரம்பிப்பான். ஈரப் புல்தான் அரிவாளுக்கு வசமாக நிற்கும். வெட்டி விழுந்ததைப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்குவார்கள். பிரபு எழுந்து ஜன்னலைத் திறக்கும்போது ஒருவரும் இருக்கக் கூடாது. இத்தனை கூலி கொடுத்து, ஒரு பிடி தானியம்கூட விளையாத நிலத்தை அறுவடை செய்கிறேன் பார் என்று அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகளுக்குக் காட்டுவதில்தான் கௌரவம். 1899இல் தார்ஸ்டீன் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வெட்டி ஜம்பத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் புல்வெளிக்கும் ஓர் இடம் உண்டு. புல்வெளியில் மாடு நின்றால் உண்மையில் அழகுதான், ஆனால் மாடு பிரயோஜனமான பிராணி, பார்க்கிறவர்களுக்குச் சிக்கன வாசனை அடித்துவிடும், அதனால்தான் பணக்காரர்கள் மானை நிறுத்துகிறார்கள் என்கிறார். மான் பால் கறக்காது என்பதே அதன் தகுதி.

அரிவாள்காரனின் வேலைக்கு உலை வைத்தவர் எட்வின் பட்டிங். குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் பக்கத்து மெக்கானிக். அந்த ஊர் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர்போனது. நெய்து முடித்த துணியின் மேல் பிசிறு நிற்கும். சுழலும் பிளேடு வைத்த உருளையை ஓட்டி அதை மழித்து எடுப்பார்கள். துணியை மழிப்பது புல்லை மழிக்காதா என்று பட்டிங் யோசித்தார். 1830 ஆகஸ்ட் 31ஆம் தேதி காப்புரிமை. ஆட்டின் முதுகிலிருந்து வந்ததை வெட்டிக்கொண்டிருந்த இயந்திரம் இப்படியாக ஆட்டின் வாய் வேலையையும் எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பைத்தியம் என்று நினைப்பார்களே என்று இருட்டில்தான் ஓட்டிப் பார்த்தார் என்றொரு கதை உண்டு. நடுராத்திரி இரும்பு உருளையைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு போனால் அந்த எண்ணம் எப்படிக் குறையும் என்று கதை சொல்கிறவர்கள் விளக்குவதில்லை.

பட்டிங்கின் காப்புரிமைப் பத்திரத்தில் ஒரு விஷயம் என்னை மிகவும் கவர்ந்தது. கனவான்கள் இந்த இயந்திரத்தைத் தாங்களே தள்ளினால் பொழுதுபோக்காகவும் இருக்கும், உடம்புக்கும் நல்லது என்கிற மாதிரி எழுதிவைத்திருக்கிறார். கூலியாள் செய்தால் வேலை, எஜமான் செய்தால் உடற்பயிற்சி. இந்த ஒரு வரியை நம்பித்தான் இருபதாம் நூற்றாண்டில் கோடிக்கணக்கான குடும்பத் தலைவர்கள் சனிக்கிழமை காலையைத் தொலைக்கப் போகிறார்கள். பட்டிங்குக்கு அது தெரியாது. இரும்பில் செய்த அந்த முதல் இயந்திரம் இருந்த கனத்துக்கு ஒருவர் தள்ள, இன்னொருவர் முன்னாலிருந்து இழுக்க வேண்டியிருந்தது. ஓர் அரிவாள்காரனுக்குப் பதிலாக இரண்டு பேர். முன்னேற்றம்.

பிறகு இயந்திரம் பெரிதாகி, இழுக்கக் குதிரை வந்தது. குதிரை வந்ததும் குளம்புத் தடம் வந்தது. தடம் விழக் கூடாதென்று குதிரைக்குத் தோல் பூட்ஸ் மாட்டினார்கள். ஆம், நாலு காலுக்கும். அந்தக் காலத்து லண்டனில் செருப்பில்லாத பிள்ளைகள் தெருத்தெருவாகத் திரிந்துகொண்டிருந்தார்கள் என்பதை இங்கே ஒரு தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன். புல்லைச் சமப்படுத்த ரோலர் வேறு. விம்பிள்டன் கிளப்பில் ஒரு மட்டக்குதிரை இழுக்கும் ரோலர் இருந்தது, அது பழுதாகிவிட்டது, ரிப்பேருக்குக் காசு திரட்ட 1877இல் ஒரு டென்னிஸ் போட்டி வைத்தார்கள். அதுதான் முதல் விம்பிள்டன் போட்டி. இன்றைக்கு அங்கே புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்திவைக்கிறார்கள். ஃபெடரரும் நடாலும் அழுததெல்லாம் ஆதியில் ஒரு ரோலருக்காக.

வெள்ளைக்காரன் இந்த வியாதியை நம் பக்கமும் கொண்டுவந்தான். நீலகிரியில் மலை மலையாக இயற்கைப் புல்வெளி கிடந்தது. தோடர்களின் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துத் தரிசு என்று எழுதிக்கொண்டு, யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டார்கள். நட்ட கையோடு, கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மெக்ஐவர் என்பவரை வரவழைத்து, 1848இல் தாவரவியல் பூங்கா அமைக்கச் சொல்லி, அதில் பாடுபட்டுப் புல்தரை போட்டார்கள். சமவெளியில் நாம் இதற்கு மசியவில்லை. வீட்டு வாசலில் புல் முளைத்தால் பாம்பு வரும், அல்லது அந்த வீட்டில் பெண்மணி சரியில்லை என்று ஊர் பேசும். வாசல் என்றால் பெருக்கி, சாணி தெளித்து, கோலம் போட்ட மொட்டை மண். அதுவும் தினசரிப் பராமரிப்புதான்; மாட்டின் சேவையும் அதில் உண்டு.

புல்வெளி முழு வேகத்தில் பரவியது அமெரிக்காவில். அங்கே பிரபுக்கள் கிடையாது. ஆகவே எல்லோரும் பிரபுக்கள். 1870இல் ஃபிராங்க் ஸ்காட் என்பவர் புறநகர் வீட்டுத் தோட்டங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முன்வாசலில் வேலியோ புதரோ வைத்து அழகை மறைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் கட்சி. வேலிகள் போயின. தெரு நீளத்துக்கு எல்லார் வீட்டுப் புல்லும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே எஸ்டேட் ஆயிற்று. பார்க்க ரம்மியம். கூடவே, எந்த வீட்டுப் புல் அரை அங்குலம் உயர்ந்திருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும் வசதியும் வந்துவிட்டது. மில்டன் பிரபு காலத்தில் ஊரே காலியாகி ஒருவர் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்தார். இங்கே ஊரே ஜன்னல் வழியாகப் பார்த்தது.

நடுவில் ஒரே ஒரு தடவை நல்ல புத்தி வந்தது. முதல் உலகப் போர் சமயம், 1918இல், உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஆடுகளை இறக்கினார். புல் வெட்டும் ஆட்கள் மிச்சம். கம்பளியைக் கத்தரித்து மாகாணம் மாகாணமாக ஏலம் விட்டு, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 52,000 டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். மந்தையில் ஓல்டு ஐக் என்று ஒரு கிடா. அதற்குப் புகையிலை மெல்லும் பழக்கம். அதிபர் மாளிகை வளாகத்தில் புகையிலை போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கிடாதான் என் கணக்கில் புல்வெளி வரலாற்றின் ஒரே கதாநாயகன். ஆடுகள் பூச்செடிகளையும் சேர்த்துத் தின்றன என்று புகார் எழுந்தது. 1920இல் விற்றுவிட்டார்கள். லாபம் தந்த ஒரு புல்வெளி அத்தோடு முடிந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, சிப்பாய்கள் வீடு திரும்பி, வீடு இல்லாமல் நின்றபோது லெவிட் குடும்பம் வந்தது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947 தொடங்கி நாலைந்து வருஷத்துக்குள் 17,000 வீடுகளுக்கு மேல் கட்டித் தள்ளினார்கள். ஊருக்கு லெவிட்டவுன் என்று தங்கள் பெயரையே வைத்தார்கள். அப்பா லெவிட்டுக்குத் தோட்டப் பித்து. ஒப்பந்தத்தில் எழுதியே வைத்துவிட்டார்: ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை வாரம் ஒரு தடவை புல் வெட்டியாக வேண்டும். வெட்டாவிட்டால் லெவிட்டே ஆள் அனுப்பி வெட்டிவிட்டு வீட்டுக்காரருக்குப் பில் அனுப்புவார். வேலி கூடாது. சனி ஞாயிறில் வெளியே துணி காயப்போடக் கூடாது. ஜெர்மானியரையும் ஜப்பானியரையும் வென்று திரும்பிய வீரன், புல் விஷயத்தில் சரணடைந்தான். வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்றும் அதே லெவிட்டவுன் ஒப்பந்தங்களில் இருந்தது. புல்லின் உயரத்தைப் பற்றிய விதியையும் மனிதனின் தோலைப் பற்றிய விதியையும் ஒரே தாளில், ஒரே மசியில் எழுத அவர்களுக்குக் கை கூசவில்லை.

போர் முடிந்த கையோடு இன்னொரு சாமானும் கடைக்கு வந்தது. 2,4-டி என்ற களைக்கொல்லி. போர்க்கால ஆராய்ச்சியில் பிறந்தது. (பின்னாளில் வியட்நாம் காடுகளின் மேல் கொட்டிய ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி இதுதான், மறு பாதியில்தான் டையாக்ஸின் நஞ்சு கலந்திருந்தது.) அகல இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். புல்வெளிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஒரே ஒரு சிக்கல்: குளோவர்.

மூன்று இலை வைத்த இந்தச் சின்னச் செடியை அதுவரைக்கும் புல்விதையோடு கலந்தே விற்றுக்கொண்டிருந்தார்கள். பயறு வகைச் செடி. காற்றிலுள்ள நைட்ரஜனை இழுத்து வேரில் சேர்த்துப் பக்கத்துப் புல்லுக்கும் ஊட்டிவிடும். வறட்சியிலும் பச்சையாக நிற்கும். தேனீ வரும். குளோவர் நிறைந்த புல்வெளி நல்ல புல்வெளி என்றுதான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. மருந்து அடித்தார்கள். சீமைக் காட்டுமுள்ளங்கி என்ற களை செத்தது, கூடவே குளோவரும் செத்தது. மருந்தில் குறை என்று விளம்பரம் செய்ய முடியுமா? குளோவர் ஒரு களை என்று அறிவித்துவிட்டார்கள். ஒரே இரவில் மாப்பிள்ளையைத் திருடனாக்கிய கதை. குளோவர் போனதும் நைட்ரஜன் போயிற்று. அதற்கென்ன, பையில் இருக்கிறது. ஒஹையோவின் ஸ்காட்ஸ் கம்பெனி 1928லேயே வீட்டுப் புல்லுக்கென்று தனி உரம் விற்க ஆரம்பித்திருந்தது. 1947இல் களைக்கொல்லியும் உரமும் ஒரே பையில் வந்துவிட்டன. இலவசமாக உரம் தந்த செடியை ஒரு கையால் கொன்று, அது தந்த உரத்தை மறு கையால் விற்கும் பை. வியாபாரக் கல்லூரிகளில் இதற்கு ஒரு சிலை வைக்கலாம்.

புல்லின் பூர்வீகத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். அமெரிக்க வடபகுதி வீடுகளின் பெருமையான கென்டக்கி புளூகிராஸ் கென்டக்கியைச் சேர்ந்ததல்ல, ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. தென்பகுதியின் பெர்முடா கிராஸ் பெர்முடாவைச் சேர்ந்ததல்ல. அது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் அருகம்புல். ரோட்டோரத்தில் முளைக்கும், வயலில் முளைத்தால் விவசாயி வயிற்றெரிச்சலோடு பிடுங்கி எறியும், கோயில் வாசலில் பாட்டி கட்டாகக் கட்டி விற்கும் அதே அருகு. ஜார்ஜியாவின் டிஃப்டன் ஊரில் அதை ஓர் ஆப்பிரிக்க உறவுக்காரப் புல்லோடு கலந்து டிஃப்வே 419 என்று 1960இல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க கோல்ஃப் மைதானங்களில் அது விரிந்து கிடக்கிறது. பிள்ளையார் தலையில் சூடும் புல்லைக் கோடீஸ்வரர்கள் ஆணி வைத்த ஷூவால் மிதிக்கிறார்கள். பிள்ளையார் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. கோல்ஃப் ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் அப்படியும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்காரருக்கு 'உடற்பயிற்சி' சலித்துப் போனபோது கம்பெனிகள் வந்தன. 1968இல் ஒஹையோவின் ட்ராய் ஊரில் கெம்லான் தொடங்கியது. லாரியில் டாங்க், டாங்கில் மருந்துத் தண்ணீர், நீளமான குழாய், வருஷச் சந்தா. இன்றைக்கு அமெரிக்கப் புறநகரில் இந்தச் சந்தாவுக்கு நம் பஞ்சாங்கத்தை விடக் கறாரான காலக்கணக்கு உண்டு. வசந்தத்தில் மண்ணின் சூடு 13 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, களை முளைப்பதற்கு முன்பே அதைக் கொல்ல ஒரு மருந்து. பிறகு குழல் குழலாக மண்ணைத் துளைத்து எடுத்துக் காற்றுப் போக வழி செய்வது. முடிந்ததும் புல்வெளி முழுக்க நாய் போய்வந்தது மாதிரி மண் உருண்டைகள் கிடக்கும், அதற்கும் காசு. கோடையில் குளிர்நாட்டுப் புல் வெயில் தாங்காமல் பழுப்பாகித் தூங்கப் பார்க்கும். தூங்கவிடக் கூடாது, தண்ணீர் அடிக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் மறுவிதைப்பு. குளிர் வருவதற்கு முன் தண்ணீர்க் குழாய்களுக்குள் காற்றை அழுத்தி ஊதி மிச்ச ஈரத்தை வெளியேற்ற ஓர் ஆள் வருவார். இல்லாவிட்டால் உறைந்து வெடித்துவிடும். பனிக்காலத்தில் புல் கண்ணிலேயே படாது. அப்போது அதே கம்பெனி அதே லாரியின் மூக்கில் கலப்பையை மாட்டிக்கொண்டு பனி தள்ள வரும்.

இதில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது இலை விவகாரம். மரம் உரத்தை இலையாகச் சும்மா கொட்டுகிறது. அதைக் காதடைக்கும் ஊதுகுழல் இயந்திரத்தால் ஊதி, குவித்து, காகிதப் பையில் அடைத்து, தெரு ஓரத்தில் வைக்கிறார்கள். நகராட்சி எடுத்துப் போய் மக்கவைக்கிறது. வசந்தத்தில் இதே வீட்டுக்காரர் கடைக்குப் போய்க் காசு கொடுத்து மக்கிய உரம் வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார். போன வருஷம் தன் வாசலில் விழுந்த இலைதானா என்று அவர் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஊதுகுழலைப் பிடித்திருக்கும் கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல வரவில்லை. கலிஃபோர்னியாவின் தென்பகுதியில் போருக்கு முன்பு தோட்ட வேலை என்றால் பெரும்பாலும் ஜப்பானிய வம்சாவளியினர்தான். 1942இல் மேற்குக் கரையிலிருந்த அவர்களை மூட்டைமுடிச்சோடு முகாம்களில் அடைத்தார்கள். 1,20,000 பேர் அளவுக்கு. திரும்பி வந்தபோது பலருக்கு நிலமும் இல்லை, கடையும் இல்லை. பழைய லாரி ஒன்றும் புல்வெட்டும் இயந்திரமும் இருந்தால் மறுநாளே பிழைப்பை ஆரம்பிக்கக்கூடிய தொழில் இது. அதனால் முன்பைவிட அதிகம் பேர் இதற்கே வந்தார்கள். தங்களைச் சிறையில் வைத்த ஊரின் முன்வாசல்களை வாராவாரம் அழகுபடுத்தினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போக, அந்த இடத்துக்கு மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். விடியற்காலையில் வந்து, வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் முடித்துவிட்டுப் போய்விடும் பழைய அரிவாள்காரனின் ஏற்பாடு மாறவில்லை.

அமெரிக்கப் புல்வெளிகள் மொத்தம் எவ்வளவு? 2005இல் நாசாவோடு சேர்ந்த ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் போட்ட கணக்கு, சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு 1,30,000. ஆக, கன்னியாகுமரி முதல் பழவேற்காடு வரை வீடு, வயல், கோயில், மலை எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிப் புல் விரித்தாலும் போதாது, கேரளத்தின் பெரும்பகுதியையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அந்த நாட்டில் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் பயிர்களிலேயே பரப்பில் முதலிடம் புல்லுக்கு; பாசன மக்காச்சோளத்தைப் போல மூன்று மடங்கு. யாரும் சாப்பிடுவதில்லை.

புல் வளராத இடத்திலும் வளர்த்தே தீருவேன் என்கிற பிடிவாதம் சில வேடிக்கைகளை விட்டுச்சென்றிருக்கிறது. 1965இல் ஹூஸ்டனில் கூரை போட்ட பிரம்மாண்ட பேஸ்பால் அரங்கம் கட்டினார்கள். உள்ளே நிஜப் புல். வெயிலுக்காகக் கூரையில் கண்ணாடி மாதிரிப் பலகைகள். பகலில் அந்த வெளிச்சம் கண்ணைக் கூசி, ஆட்டக்காரர்களுக்கு மேலே போன பந்து தெரியவில்லை. பலகைக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. செத்த புல்லுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்து அந்த சீசனை ஓட்டினார்கள். அடுத்த வருஷம் மான்சான்டோ கம்பெனியின் பிளாஸ்டிக் புல் வந்தது.

பெயின்ட் யோசனை வீண்போகவில்லை. கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. 2015 ஏப்ரல் 1ஆம் தேதி, வழக்கமாக ஆள் உயரம் பனி கிடக்க வேண்டிய மலைப் புல்லில் நின்றுகொண்டு, நகரங்கள் தண்ணீர்ச் செலவில் 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஆளுநர் உத்தரவு போட்டார். முட்டாள்கள் தினம் என்று யாரும் அலட்சியம் செய்ய முடியவில்லை. காய்ந்த முன்வாசலுக்குப் பச்சைச் சாயம் அடித்துக் கொடுக்கும் தொழில் சூடுபிடித்தது. ஆளுநரின் பெயர் ஜெர்ரி பிரவுன். இங்கிலாந்தைப் பச்சையாக்கிய பிரவுனுக்கு இவர் சொந்தம் இல்லை.

பாலைவனத்தில் உட்கார்ந்திருக்கும் லாஸ் வேகஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. புல்லைப் பிடுங்கினால் சதுர அடிக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர்களுக்கே காசு கொடுக்க ஆரம்பித்தது. 2021இல் நெவாடா மாநிலம் ஒரு சட்டமே போட்டது: சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் இருக்கும் 'பயனற்ற புல்'லுக்கு 2026 கடைசிக்குப் பிறகு கொலராடோ நதியின் தண்ணீர் கிடையாது. பயனுள்ள புல் எது என்பதற்கு இலக்கணமும் வகுத்திருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் யாராவது அதன் மேல் விளையாட வேண்டும். வெட்டுகிறவன் மட்டுமே கால் வைக்கும் புல் கணக்கில் சேராது. மில்டன் பிரபுவின் புல்வெளி அன்றைக்கு இந்தப் பரீட்சையில் தேறியிருக்காது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 1995இல் சுவீடனின் ஹஸ்க்வார்னா கம்பெனி சூரிய ஒளியில் தானே ஓடும் புல்வெட்டி ரோபோ ஒன்றை வெளியிட்டது. தாழ்வாக, வட்டமாக, அவசரமில்லாமல் நாள் முழுக்க அங்குமிங்கும் அலையும். ஒரேயடியாக வெட்டாது, கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கும். நறுக்கியதை அங்கேயே உரமாக விட்டுவிடும். எல்லை தாண்டாமல் இருக்க, பின்னால் வந்தவற்றுக்குத் தரையில் கம்பி புதைத்தார்கள். திருட்டுப் பயத்துக்காக ரகசிய எண். இரண்டு நூற்றாண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு பொறியாளர்கள் கண்டுபிடித்தது கம்பளி இல்லாத ஓர் ஆடு. விலை மட்டும் ஒரு மந்தைக்குச் சமம்.

அதிலும் ஒரு கோளாறு. இரவில் புல்லுக்கு வரும் முள்ளெலி ஆபத்து என்றால் ஓடாது, பந்தாகச் சுருண்டு கொண்டு அசையாமல் கிடக்கும். நரியிடம் அது பலிக்கும், பிளேடிடம் பலிக்கவில்லை. காயப்பட்ட முள்ளெலிகள் பெருகவே, ஜெர்மனியின் கொலோன் நகரம் 2024இல் இந்த ரோபோக்களுக்கு இரவு ஊரடங்கு போட்டுவிட்டது. பொழுது சாய்ந்தால் அவை கொட்டிலில் அடைந்துவிட வேண்டும்.